கொடைக்கானல் ஏரியில் என் முறை

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் பனி, பேரிக்காய், மலைப்பூண்டு என்று அடுக்குவார்கள். எனக்கோ இனிமேல் கொடைக்கானல் என்றால் படகுத் துடுப்புதான்!

போன மே மாதம் நாங்கள் நால்வரும், கொழுந்தனார் குடும்பத்தார் நால்வருமாகக் கிளம்பினோம். காரில் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்துவிட்டது. வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். மலையடிவாரத்தில் தவிக்க வேண்டாம்.

கொடை ஏரி இயற்கையாக உண்டானது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் 1863-ல் அமைத்தது. சுமார் 60 ஏக்கர், நட்சத்திரம் போல் கைகள் நீட்டிக் கிடக்கிறது. சுற்றிலும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா.

முதல் நாள் இரண்டு துடுப்புப் படகுகள் எடுத்தோம், குடும்பத்துக்கு ஒன்றாக. கொழுந்தனாரின் மூத்த மகன் கல்லூரியில் துடுப்பு வலித்துப் பழகியவன். அவன் படகு அம்பாகப் பறந்தது. எங்கள் படகிலோ என் வீட்டுக்காரரும் மகனும் மாறி மாறி வலித்தும், செக்குமாடு மாதிரி அதே இடத்தில் சுற்றினோம். நான் "வலது பக்கம், வலது பக்கம்" என்று கத்தக் கத்த, படகு இடது பக்கமே போயிற்று.

பதினொரு வயது மகள், "எனக்கும் ஒரு தடவை குடுங்க" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நடு ஏரியில் சடாரென்று எழுந்து நின்றுவிட்டாள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே தெறித்தது. அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். எல்லோரும் மிதவைச் சட்டை போட்டிருந்தோம்தான். ஆனாலும் கரைக்கு வந்து சேரும்வரை என் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் மறக்கவில்லை.

படகுத்துறையில் இருந்த பெரியவர் திட்டவில்லை. "தெரிஞ்ச பையன் ஒரு படகுல, தெரியாதவங்க எல்லாம் ஒரு படகுல. இப்படிப் பிரிச்சா எப்படிம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் புதிதாகச் சமைக்கப் பழகும் பெண்ணைத் தனியாக அடுப்படியில் விட்டுவிட்டு வந்துவிடுவோமா?

மறுநாள் ஒரே படகு. அரை மணி வீதம் இரண்டு நடை. இரண்டிலும் பெரியவன்தான் ஆசான். அவனோடு மூன்று பேர். ஒருவர் பத்து நிமிடம் கரையோரமாகவே வலிக்க வேண்டும். ஆள் மாறுவது துறைக்குத் திரும்பி, படகை ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான். நடுத் தண்ணீரில் எழுந்திருக்கவே கூடாது.

அவன் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். துடுப்பு வலிப்பவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். அதனால் எதிரே இருப்பவரின் வலது அவருக்கு இடது. நேற்று எங்கள் படகு சுற்றிய மர்மம் இதுதான்! ஆகையால் வலம், இடம் என்று சொல்லாமல் 'பூங்காப் பக்கம்', 'சாலைப் பக்கம்' என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ, அதற்கு எதிர்ப்பக்கத் துடுப்பை இழுக்க வேண்டும். துடுப்பின் தட்டை முனை தண்ணீரில் மறைந்தால் போதும். ஆழமாக அமுக்கினால் மாட்டிக்கொள்ளும், மேலாக இழுத்தால் எதிரே இருப்பவருக்கு அபிஷேகம்தான். கையால் மட்டும் இழுக்காமல், காலை ஊன்றி முதுகால் இழுத்தால் தோள் வலிக்காது.

என் வீட்டுக்காரர் காகிதத்தில் பட்டியல் போட்டார். முதல் நடையில் கொழுந்தனார், என் மகன், சின்னக் குட்டி. இரண்டாவதில் அவர், என் மகள், ஓரகத்தி. பட்டியலைப் பார்த்த மகள், "அம்மா பேரு எங்கே?" என்றாள்.

"அம்மா பையைப் பார்த்துப்பா."

"அப்பா நேத்தே வலிச்சாச்சே!"

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. எனக்கே அதுவரை தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். "நமக்கெதுக்கு இந்த வயசில்" என்று வாய் வரை வந்தது. ஓரகத்தி, "போலாம் வாங்க அக்கா" என்று கையைப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டே தன் பெயரை அடித்துவிட்டு, என் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டார்.

முந்தானையை இழுத்துச் செருகி, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இழுப்பிலேயே ஓரகத்தியை நனைத்தேன். "பரவாயில்லை பெரியம்மா, மெதுவா, ரெண்டு கையும் சேர்த்து" என்றான் பிள்ளை. நாலாவது, ஐந்தாவது இழுப்பில் படகு வழுக்கிக்கொண்டு நேராகப் போயிற்று. என் மகள் கைதட்டினாள். கரையில் இரண்டு தோளிலும் பையோடு நின்ற அவர் சிறிசாகிக்கொண்டே போனார்.

பத்து நிமிடம் எப்படிப் போனதோ! உள்ளங்கை சிவந்துவிட்டது, இரவு தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். அடுத்த முறை பட்டியல் எழுதப்போவது நான்தான்.