கண்ணுக்குத் தெரியாத சுமை

திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குப் பூட்டைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அத்தா நாகல் நகரில் ஒரு சிறு பட்டறையில் மாங்காய்ப் பூட்டுச் செய்தவர். திறக்க மறுக்கும் பூட்டை யாரேனும் கொண்டுவந்தால், அவர் சுத்தியலைத் தேட மாட்டார். சாவித் துவாரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார், சற்றுப் பொறுப்பார், பிறகு உள்ளிருக்கும் லீவர்களில் எது சிக்கியிருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார். "உடைக்கிறது ஒரு நிமிஷ வேலை. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிறதுதான் தொழில்" என்பது அவர் வாக்கு. அந்தப் பாடத்தை நான் மறந்துபோன கதைதான் இது.

பேகம்பூரில் இருக்கும் என் தங்கை 2019-ஆம் ஆண்டு கணவரை இழந்தவள். இத்தா முடிந்தபின் எவரிடமும் கையேந்தாமல், டேலி மென்பொருளைக் கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே வியாபாரிகள் சிலருக்குக் கணக்கு எழுதத் தொடங்கினாள். தோல் மண்டி, பூட்டுக் கடை, ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றுமதி செய்பவர் என ஆறு பேர் அவளை நம்பியிருந்தார்கள். முதலீடு என்று அவள் எதுவும் போடவில்லை. மகளுக்கு 2018-இல் பள்ளியில் கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினியே அவளது கடை, கல்லாப்பெட்டி எல்லாம். 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தால் எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கணிப்பொறி நுழைந்தது. எங்கள் குடும்பத்துக்கும் அதுவே முதல் கணிப்பொறி.

2023-ஆம் ஆண்டின் நடுவில் அக்கணிப்பொறி தள்ளாடத் தொடங்கியது. பொத்தானை அழுத்திவிட்டு, உலை வைத்து அரிசி களைந்துவிட்டு வந்தாலும் திரை தயாராகியிருக்காது. சரக்கு சேவை வரிக் கணக்கை மாதந்தோறும் 20-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். தவறினால், வரி செலுத்த வேண்டிய வியாபாரிக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்கு மேல் வட்டி. ஒரு மாதம் கடைசி நாளன்று இயந்திரம் உறைந்து நின்றது. மறுநாள்தான் கணக்குப் போயிற்று. அபராதத்தைத் தன் கையிலிருந்து கொடுத்தாள் தங்கை. ஆனாலும் அந்த வியாபாரி வேறிடம் போய்விட்டார். ஆறு பேர் ஐந்து பேரானார்கள்.

கடைத்தெருவில் ஒருவரிடம் காட்டினோம். அவர் மூடியைத் திறந்து பார்த்த வேகத்திலேயே, "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிக்கங்க, 40,000 ஆகும்" என்றார். நானும் தலையாட்டினேன். தங்கை சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். நிக்காஹ்வின்போது அத்தா போட்ட இரண்டு வளையல்களே அவளிடம் எஞ்சியிருந்த பொன். "நாளைக்கு அடகு வச்சிருவோம் அண்ணே" என்றாள். நான் மறுக்கவில்லை. அதை எழுத இன்றும் கூசுகிறது.

அன்று மஃரிபுக்குப் பின் அவள் மகள் என்னிடம் கேட்டாள்: "மாமு, வாங்குறதுக்கு முன்னாடி உள்ளே என்ன ஓடிக்கிட்டு இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடலாமா?"

அத்தாவின் குரல் பேத்தியின் வாயில் வந்ததுபோல் இருந்தது.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினாள். டாஸ்க் மேனேஜர் என்னும் பலகம் விரிந்தது. 1996-இல் விண்டோஸ் என்.டி. 4.0 வெளிவந்த காலந்தொட்டு அது விண்டோஸில் இருந்துவருகிறது. நான்தான் அதுவரை பார்த்ததில்லை. நாம் திறந்து வைத்திருப்பது ஒரே ஒரு கணக்குப் புத்தகம். அந்தப் பலகத்திலோ நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள்! அவை யாவும் பின்னணியில் ஓசையின்றி ஓடும் பணிகள். எது எவ்வளவு தின்கிறது என்பதை மையச் செயலி, நினைவகம், வட்டு என்று தனித்தனிப் பத்திகளில் அது காட்டியது.

நான் அவசரக்காரன். ஓரிடத்தில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்ற பெயருக்கு எதிரே 90-க்கு மேல் எண்ணைக் கண்டு, "இதோ திருடன்!" என்றேன். மருமகள் சிரித்தாள். அது திருடன் அன்று. செயலி எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பதன் கணக்காம். எனக்குக் குழப்பம் கூடியது. செயலி சும்மா இருக்கிறது, வேலையோ நடக்கவில்லை என்றால் எப்படி?

விடை வட்டுப் பத்தியில் இருந்தது. அங்கே 100 விழுக்காடு சிவந்து நின்றது. பழைய வகை வன்வட்டினுள் தகடு சுழல, ஒரு சிறு முள் இங்குமங்கும் ஓடித் தகவலை எடுத்துத்தர வேண்டும். நாற்பது பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அந்த ஒற்றை முள் யாருக்கென்று ஓடும்? இருந்த 4 ஜி.பி. நினைவகமும் நிரம்பிவிட்டதால், மிஞ்சியதை வைத்துக்கொள்ள விண்டோஸ் அந்த வட்டையே மேலும் தொல்லை செய்துகொண்டிருந்தது. சமையற்காரர் கைகட்டி நிற்கிறார். சாமான் எடுத்துத்தரும் சிறுவன் ஓடி ஓடி மூச்சு வாங்குகிறான். இதுதான் நோய்.

அதன்பின்னும் ஒரு பிழை செய்தேன். பெயர் புரியாத ஒன்றைத் தேர்ந்து முடித்து வைத்தேன். கீழ்ப்பட்டையும் முகப்புப் படங்களும் மறைந்தன! நான் நிறுத்தியது எக்ஸ்புளோரர். அதே பலகத்தில் புதுப் பணியைத் தொடங்கும் இடத்தில் 'எக்ஸ்புளோரர்' என்று தட்டி மருமகள் அதை மீட்டாள். பெயர் தெரியாததை நிறுத்தலாகாது என்பது அன்று நான் கற்ற விதி. பின்னணியில் இருப்பதெல்லாம் பகையல்ல. நச்சுநிரல் காவலும் பாதுகாப்புப் புதுப்பித்தலும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை நிறுத்துவது வேகத்துக்காக வாசற்கதவைக் கழற்றுவது போன்றது.

பிறகு 'ஸ்டார்ட்அப்' என்னும் பகுதியைத் திறந்தாள். கணிப்பொறி விழிக்கும்போதே தாமும் விழித்தெழும் மென்பொருள்களின் பட்டியல் அது. பதினான்கு பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்தோம். விளையாட்டு மென்பொருள்கள் இரண்டு: விடுமுறைக்கு வந்த என் மகன் ஏற்றியவை. படம் இறக்கும் மென்பொருள்: அதுவும் அவனே. நான் எப்போதோ விற்றுவிட்ட அச்சுப்பொறிக்கான துணை நிரல்: நான் ஏற்றியது. காலாவதியான நச்சுநிரல் காப்பான் ஒன்று, அதன்மேல் இன்னொன்று: "பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று அதையும் நானே ஏற்றினேன். அரட்டைச் செயலிகள், பாட்டுச் செயலி... எல்லாம் என் வீட்டார் வந்து போனபோது விட்டுச் சென்ற சுவடுகள்.

தங்கைக்குரியது அப்பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

அவள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "உனக்குத் தெரியுமாம்மா?" என்றேன். "பிள்ளைங்க ஆசையா கேக்கும்போது வேணாம்னு எப்படிண்ணே சொல்றது?" என்றாள். அவளுடைய வயிற்றுப் பிழைப்பின்மேல் நாங்கள் ஏற்றிய சுமைக்கு விலையாக அவளுடைய வளையலையே கேட்டிருக்கிறேன் நான்.

தேவையற்றவற்றை ஸ்டார்ட்அப் பட்டியலில் முடக்கினோம். வேண்டவே வேண்டாதவற்றை முறைப்படி நீக்கினோம். விண்டோஸுடன் வரும் காவல் மட்டும் போதுமென்று வைத்துக்கொண்டோம். தங்கை நாள்தோறும் 'ஷட் டவுன்' செய்தே பழகியவள். விண்டோஸ் 10-இல் விரைவுத் தொடக்க வசதி இயங்கினால் அது முழுமையாக ஓய்வதில்லை, 'ரீஸ்டார்ட்' செய்தால்தான் புதிதாய்த் தொடங்கும் என்பதை அறிந்து, வாரம் ஒருமுறை அவ்வாறு செய்யப் பழகினாள். பாதி நோய் தீர்ந்தது. மீதிக்கு, கணக்குகளை முதலில் பென் டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு, சுழலும் வன்வட்டை எடுத்துவிட்டு, அசையும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம். கூலியும் சேர்த்து 2,500 ரூபாய். அதை நான் கொடுத்தேன். அது உதவியன்று, கடன் தீர்த்தல்.

ஆறு நிமிடம் எடுத்த இயந்திரம் ஒரு நிமிடத்துக்குள் எழுந்தது. அல்ஹம்துலில்லாஹ்! அடுத்த மாதக் கணக்குகள் 18-ஆம் தேதியே முடிந்தன. போன வியாபாரி திரும்பவில்லை. வேறொருவர் வந்து சேர்ந்தார்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. அந்தப் பழைய இயந்திரத்துக்கு ஓய்வு கொடுக்கும் நாள் நெருங்குகிறது. புதியதை வாங்கத் தங்கை மாதந்தோறும் தன் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வருகிறாள். வளையல்கள் அவள் கையிலேயே இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் ஒரு கணிப்பொறி சோர்ந்திருக்கலாம். அதைக் குறை கூறுமுன் உள்ளே திறந்து பாருங்கள். வீட்டில் ஒருவர் வாய் திறவாமல் சோர்ந்திருந்தாலும் அப்படியே செய்யுங்கள். அவர்மேல் இருக்கும் சுமைகளின் பட்டியலில் நம் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.