ஆமை புகுந்த வீடு!

பள்ளிப்பட்டில் கடல் கிடையாது. 'இதைச் சொல்ல ஒரு கட்டுரையா?' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன். நான் கடலாமை பார்க்கக் கிளம்பியது பள்ளிப்பட்டிலிருந்துதான்!

ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு அதுதான் சொந்த ஊர். "திருத்தணிக்கு வர்றீங்க, முருகனைப் பார்க்கறீங்க, அப்படியே எங்க வீட்ல சாப்பிட்டுட்டுப் போறீங்க" என்றார். சாப்பாடு என்றதும் மறுக்கும் வழக்கம் நம் பரம்பரையிலேயே இல்லை. மலையிறங்கி பஸ் ஏறினேன். பஸ்ஸில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. கண்டக்டர் இரண்டிலும் சில்லறை இல்லை என்றார். வழியில் பொதட்டூர்பேட்டை வந்ததும் விசைத்தறிச் சத்தம் பஸ் சத்தத்தையே அமுக்கியது. கொஞ்ச தூரம் தாண்டினால் ஆந்திரா.

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் சாய்ந்த நேரம், வாசற்படியோரம் ஒரு கையகல ஆமை மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நண்பரின் அம்மா பதறிவிட்டார்.

"டேய், அதைத் தூக்கி ஆத்துல விடுடா! ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க!"

"வீட்டு லோன் வாங்கியாச்சும்மா. அமீனா வந்தாலும் வருவான். இது பாவம், சும்மாதானே வந்தது?" என்றபடி நண்பர் ஆமையை ஒரு பக்கெட்டில் போட்டார். நான் பக்கெட்டுக்குக் காவல்!

ஆந்திரப் பக்கத்திலிருந்து வரும் லவா, குசா ஆறுகள் பள்ளிப்பட்டு அருகே சேர்ந்து கொசஸ்தலை ஆறாகிறது. நாங்கள் போனபோது ஆற்றில் மணல்தான் அதிகம். "இப்பப் பார்த்து ஏமாந்துடாதீங்க ஸார். மழைக்காலத்துல அம்மப்பள்ளி டேமைத் திறந்தாங்கன்னா தரைப்பாலம் முங்கிடும்" என்றார் நண்பர். தேங்கிக் கிடந்த தண்ணீரில் ஆமையை விட்டோம். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சரேலென்று மறைந்தது.

"ஏன் ஸார், இது இப்படியே போனா கடலுக்குப் போயிடுமா?"

ஆறு போகும். ஆமை போகாது. இது நன்னீர் ஆமை. இதற்குக் காலும் விரலும் உண்டு. கடலாமைக்குக் காலுக்குப் பதில் துடுப்பு. நம்ம ஆமைபோலத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் அதற்கு முடியாது. ஆபத்து வந்தால் நீந்தித்தான் தப்பிக்கணும். எனக்குத் தெரிந்ததை அளந்துவிட்டேன். நண்பர் விடவில்லை. "அப்ப ஆறு போற இடத்துக்கு நாம போலாமா?" என்றார்.

மாசி மாதத்து சனிக்கிழமை ஒன்றில் போனோம்.

கொசஸ்தலை ஆற்றின் நீளம் 136 கிலோமீட்டர். நடுவில் பூண்டி ஏரி. 1944-ல் கட்டி முடித்த இந்த நீர்த்தேக்கம் பல வருஷமாக மெட்ராஸுக்குக் குடிதண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வளைந்து வளைந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது ஆறு. பள்ளிப்பட்டில் வேட்டி மாதிரி வெள்ளையாக விரிந்து கிடந்த ஆறு, எண்ணூரில் கறுப்புக் கரை போட்டிருந்தது. சாம்பல், புகை, குழாய்கள். அதற்கு நடுவிலும் கடற்காகங்கள்! பழுப்புத் தலைக் கடற்காகம் மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம்ம கரைக்கு வருகிறது. உப்புத் தண்ணீரைக் குடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தலையில் இருக்கும் சுரப்பி, அதிகப்படி உப்பைப் பிரித்து மூக்கு வழியாகச் சொட்டவிடும். நமக்கு ஊறுகாயில் ஒரு கல் உப்பு கூடினாலே டாக்டர் முறைக்கிறார்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து இந்தக் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய இறக்கைகளோடு உட்கார்ந்திருந்த படங்கள் எல்லாப் பேப்பரிலும் வந்தன. பறவையின் சிறகு, ஓடு வேய்ந்த கூரை மாதிரி. ஒன்றோடொன்று பின்னித் தண்ணீரை உள்ளே விடாது. எண்ணெய் பட்டால் அந்தப் பின்னல் விட்டுப்போகும். பறவை நனையும், நடுங்கும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அலகால் கோதி, அந்த எண்ணெயையே விழுங்கும். நண்பர் வெகுநேரம் பேசவில்லை. அவர் ஊர் ஆறாயிற்றே!

ஆமை பார்க்க நகரத்தின் தெற்குக் கோடிக்குப் போகவேண்டும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, சுமார் 7 கிலோமீட்டர், நள்ளிரவில் மணலில் நடை. 1970-களில் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் இங்கே தொடங்கிய வேலையை, 1988 முதல் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பாகச் சேர்ந்து நடத்திவருகிறார்கள். கூட வருபவர்களுக்கு மூன்றே கட்டளைகள்: டார்ச் அடிக்காதே, சத்தம் போடாதே, தூங்கிவிடாதே. மூன்றாவதுதான் கஷ்டம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு மேல், முன்னால் போன பையன் கையைக் காட்டினான். மணலில் டிராக்டர் டயர் போன தடம் மாதிரி ஒன்று, கடலிலிருந்து ஏறி மறுபடி கடலுக்கே இறங்கியிருந்தது. பங்குனி ஆமை! ஆலிவ் ரிட்லி என்பார்களே, அதேதான். பையன் ஒரு கம்பியால் மணலைக் குத்திப் பார்த்து, ஓரிடத்தில் இளக்கமாக இறங்கியதும் தோண்டினான். ஒன்றரை அடி ஆழத்தில், குடம் போன்ற குழியில், பிங்பாங் பந்து மாதிரி முட்டைகள். எண்ணிப் பார்த்தால் நூறுக்கு மேல்! அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைப்பார்கள். 45-லிருந்து 60 நாளில் குஞ்சு வரும்.

அதில் ஒரு வேடிக்கை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு ஜாஸ்தி என்றால் பெண், குறைந்தால் ஆண். "நம்ம மெட்ராஸ் வெயிலுக்கு மாப்பிள்ளை கிடைக்கறதே கஷ்டம் ஸார்" என்றார் கல்யாணமாகாத நண்பர்.

முட்டையிடும்போது ஆமையின் கண்ணில் தண்ணீர் வழியும். பிரசவ வேதனை என்று உருகுவார்கள். கடற்காகத்துக்கு மூக்கில் என்றால், ஆமைக்குக் கண்ணோரம். உப்பு வெளியேறுகிறது, அவ்வளவுதான். அதை அறிந்து கொஞ்சம் நிம்மதியாக நடந்தோம்.

திருவான்மியூர் தாண்டியதும் அந்த நிம்மதி போயிற்று. அலை ஓரத்தில் இரண்டரை அடி நீளத்தில் ஓர் ஆமை. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி... செத்து ரெண்டு நாள் இருக்கும். காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"எதனால தம்பி?" என்றேன்.

"தண்ணியில மூழ்கிதான் ஸார்."

கடலாமை கடலில் மூழ்கிச் செத்ததா? தூக்கம் சுத்தமாகக் கலைந்தது.

உண்மை அதுதான். கடலாமைக்கு மீனைப்போலச் செவுள் கிடையாது. திமிங்கிலம், டால்பின், கடல்பசு, கடல்பாம்பு, கடலாமை எல்லாமே கடலில் குடியிருந்துகொண்டு, மூச்சுக்கு மட்டும் மேலே வந்து நம்ம காற்றைக் கடன் வாங்குகிற கூட்டம். அமைதியாக ஓய்வெடுக்கும் ஆமை ரொம்ப நேரம் மூச்சடக்கிக் கிடக்கும். ஆனால் இறாலுக்காக அடியை அரித்துக்கொண்டு மணிக்கணக்கில் இழுக்கப்படும் வலைக்குள் மாட்டினால் பதறும், துடுப்பை அடிக்கும். பதற்றத்தில் மூச்சு சீக்கிரம் தீரும். வலையை மேலே தூக்கும்போது கதை முடிந்திருக்கும்.

2025 ஜனவரியில் மட்டும் சென்னையையும் அதன் இரு பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆயிரம் குஞ்சில் ஒன்று தப்பி வளர்ந்தாலே அதிகம் என்பார்கள். அப்படித் தப்பி, பல வருஷம் வளர்ந்து, முட்டையிட வந்த ஆமைகள்!

சட்டம் இல்லாமலில்லை. கரையோரத்தில் இழுவைப் படகு வலை வீசக்கூடாது என்று 1983-ம் வருஷச் சட்டமே சொல்கிறது. கிழக்குக் கடலில் வருஷத்துக்கு 61 நாள் மீன்பிடித் தடைகூட உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது மீன் பெருக வைத்த லீவு. ஆமை முட்டையிட வருவதோ பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. லீவு நாள் பார்த்துப் பிரசவத்துக்கு வர அதற்கு காலண்டர் தெரியாதே!

மீனவர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. கடன் வாங்கி டீசல் போட்டு, மீன் இருக்கிற இடத்தில் வலை போடுகிறார்கள். அந்த வலை யாருக்காக? திங்கட்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் நண்பர் வழக்கம்போல "இறால் வறுவல் ஒண்ணு" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "முட்டை பொரியல்" என்றார். பிறகு அதையும் யோசித்து, "வெறும் ரசம் போதும்பா" என்றார்!

ஒரு வழி இருக்கிறது. வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைப்பார்கள். இறால் கம்பிக்கு நடுவே நுழைந்து பின்னால் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்தில் உள்ள திறப்பு வழியாக வெளியே போய்விடும். பெரிய மீனும் கூடவே போய்விடும் என்பது படகுக்காரர்களின் கவலை. அதனால் பலர் மாட்டுவதில்லை.

அடுத்த முறை பள்ளிப்பட்டு போனபோது இதையெல்லாம் நண்பரின் அம்மாவிடம் சொன்னோம். முறுக்குத் தட்டை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? நம்ம வீட்டுக்குள்ள ஆமை வந்தா அடிச்சா போட்டோம்? தூக்கி வெளியில விட்டோம்ல. அந்த வலையிலயும் ஒரு வாசல் வெச்சுட்டா அது பாட்டுக்குப் போயிடப்போவுது" என்றார்.

கடலையே பார்த்திராத அம்மா அவர். வர்ற மாசி மாதம் நடைக்குக் கூட்டிப் போகிறோம். டார்ச் வேண்டாம் என்று சொன்னதும், "நல்லதாப் போச்சு, பேட்டரி காசு மிச்சம்" என்றார்.