எட்டு லட்டுக் கணக்கு

ஒரு தட்டு, எட்டு லட்டு. அண்ணனும் தங்கையும் ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட, கடைசியில் தட்டு காலி. இவ்வளவு சொன்னதுமே அந்தப் பாட்டு உங்கள் வாய்க்குள் ஓட ஆரம்பித்திருக்கும். சரி, எழுதியவர் யார்?

யோசிக்கிறீங்க, இல்லையா? அவர் அழ.வள்ளியப்பா.

புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில், 1922 நவம்பர் 7-ல் பிறந்தவர். 1940-ல் சென்னைக்கு வந்து ‘சக்தி’ பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்த தி.ஜ.ர. ‘நீ எழுது’ என்று உற்சாகப்படுத்த, முதல் கதை பிறந்தது. அதன் தலைப்பு என்ன தெரியுமா? ‘ஆளுக்குப் பாதி’! மறு வருஷமே இந்தியன் வங்கியில் வேலை. ஓய்வு பெறும்வரை, ஏறத்தாழ நாற்பது வருஷம் வங்கிக்காரர்தான்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். பகலெல்லாம் பற்று, வரவு. மிச்ச நேரத்தில் பாட்டு. 1944-ல் ‘மலரும் உள்ளம்’ தொகுப்பு வந்தது. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி, தன்னைப் போலவே எழுதக்கூடியவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பிறகு ‘கோகுலம்’ இதழின் ஆசிரியர். 1989 மார்ச் 16-ல் மறையும்வரை அவருக்குக் குழந்தைகள்தான் உலகம்.

இப்போது எங்க ஊருக்கு வாங்க. ஓசூர். அத்திப்பள்ளியைத் தொட்டால் கர்நாடகா. விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் தெருமுனையில் நிற்கும். ஒரே காம்பவுண்டில் கீழே தமிழ், மாடியில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு. ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு நண்பர் எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கிறார். நைட் ஷிஃப்ட் முடித்து அவர் வரும்போது பையன் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். இவர் கிளம்பும்போது அவன் ஹோம் ஒர்க்கில் இருப்பான். இருவருக்கும் நடுவே வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம்.

“தமிழ்ப் பாட்டெல்லாம் எதுக்கு சார்? இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்றான். கணக்கு வந்துட்டா போதும், பொழைச்சுக்குவான்” என்றார் ஒருநாள்.

கோபப்பட முடியவில்லை. பிழைப்புக்காக ஊரையே விட்டு வந்தவர் வேறெப்படிப் பேசுவார்?

பையனைக் கூப்பிட்டு லட்டுப் பாட்டைச் சொன்னேன். மூன்றாவது தடவை அவனே விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டான். வகுத்தல் கணக்கு தன்னால் வந்து உட்கார்ந்தது! கேட்டுக்கொண்டிருந்த மாடிவீட்டுக் கன்னடப் பொண்ணு விடுவாளா? நாய்க்குட்டியிடம் ‘தின்பண்டம் வேணுமா’ என்று கேட்கிற அவங்க பாட்டை எடுத்துவிட்டாள். அதை எழுதியவர் ஜி.பி.ராஜரத்னம். கன்னடப் பேராசிரியர், 1979-ல் மறைந்தவர். நம்ம வள்ளியப்பாவைப் போலவே, அவர் பாட்டைப் பாடுகிற எத்தனையோ குழந்தைகளுக்கு அவர் பெயர் தெரியாது. அரைமணி நேரத்தில் லட்டு மாடிக்கு ஏறிவிட்டது, நாய்க்குட்டி கீழே இறங்கிவிட்டது.

லட்டுக் கணக்கை இன்னொரு தடவை பாருங்க. ஆம்பளைப் பிள்ளைக்கு ஆறு, பொண்ணுக்கு ரெண்டு என்று எழுதவில்லை அவர். ஆளுக்கு நாலு. நீதி சொல்கிறேன் என்று விரலையும் நீட்டவில்லை. எதுகையோடு சேர்த்து நியாயத்தையும் வாயில் ஊட்டிவிட்டுப் போய்விட்டார். கணக்கு எந்த ஸ்கூலிலும் கிடைக்கும். பங்கு போடுகிற கணக்கு எல்லா இடத்திலும் கிடைக்காது.

அந்த நண்பர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்: “சார்... இது எங்க அம்மா பாடுவாங்க. மறந்தே போச்சு.”

பையன் ஆச்சரியமாக அப்பாவைப் பார்த்தான். அப்பாவுக்கு மிச்ச வரிகள் முழுசாக ஞாபகம் இருந்தன.

உங்களுக்கும் இருக்கும். ஷிஃப்ட் எதுவானாலும் ஐந்து நிமிஷம் கிடைக்காதா என்ன? பாடிக் காட்டுங்க. முடித்ததும், எழுதியவர் பெயரையும் ஒரு தடவை சொல்லிடுங்க.