குமிழும் கையும்

எந்தக் கருவியும் முழு வடிவம் பெறுவதற்கு முன்னால் ஒரு கேள்வி விடையின்றிக் கிடக்கும்: இதைப் பிடிக்கப்போவது எப்படிப்பட்ட கை? அரிவாளுக்கும் உளிக்கும் அந்த விடையைக் கண்டடைய மனிதர்களுக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. திரையோடு விளையாடுவதற்கான கைப்பிடிக்கு, 1958 முதல் 1983 வரை, இருபத்தைந்தே ஆண்டுகள் போதுமாக இருந்தன. அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் செய்து பார்க்கப்பட்ட, பல சமயம் கைவிடப்பட்ட முன்மாதிரிகளைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். கவிதையும் சிறுகதையும் பேசுகிற நண்பர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அச்சான கவிதையைவிட அடித்துத் திருத்திய கையெழுத்துப் பிரதியில் அதிக நேரம் தங்கிவிடுகிறவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம்தான் இங்கேயும் இழுத்துவந்தது.

முதல் பெட்டி அணுகுண்டுக்காக உழைத்த ஒருவருடையது. வில்லியம் ஹிகின்பாதம் லாஸ் அலமோஸில் மின்னணுவியல் குழுவின் தலைவராக இருந்தவர். போருக்குப் பின் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றினார். ஆண்டுதோறும் பொதுமக்கள் ஆய்வகத்தைப் பார்க்க வருவார்கள்; அசையாத கருவிகளையும் படங்களையும் பார்த்துவிட்டுப் போவார்கள். 1958 அக்டோபரில் அவர்களுக்கென்று அவர் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். ஓர் அனலாக் கணிப்பொறியும், ஐந்து அங்குலத் திரை கொண்ட ஆஸிலோஸ்கோப்பும் அதற்குப் போதுமாக இருந்தன. ஆட்டக்காரர் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அலுமினியப் பெட்டி. அதில் ஒரு குமிழ், ஒரு பொத்தான். குமிழைத் திருகினால் பந்தின் கோணம் மாறும், பொத்தானை அழுத்தினால் அடி விழும். அவ்வளவுதான். மக்கள் வரிசையில் காத்திருந்து விளையாடினார்கள். அடுத்த ஆண்டும் அது காட்சியில் இருந்தது. பிறகு பிரித்தெடுக்கப்பட்டு அதன் பாகங்கள் வேறு வேலைகளுக்குப் போயின. அதற்குக் காப்புரிமை கேட்க வேண்டும் என்று ஹிகின்பாதம் எண்ணவே இல்லை. அணு ஆயுதப் பரவலைத் தடுப்பதற்காகத் தான் செய்த நெடுங்காலப் பணிக்காகவே நினைக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்பியதாகக் குடும்பத்தார் சொன்னதுண்டு. அவர் 1994இல் இறந்தார். உலகம் அவரை அந்த அலுமினியப் பெட்டியோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. நம் எழுத்தில் எது நிலைக்கும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை என்று மூத்த எழுத்தாளர்கள் சொல்லும்போது, எங்களுக்கு இப்போதெல்லாம் அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது பெட்டி வலியிலிருந்து பிறந்தது. 1962இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி-1 கணிப்பொறியில் 'ஸ்பேஸ்வார்' என்ற ஆட்டத்தை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிச் சண்டையிடும் ஆட்டம். கணிப்பொறியின் முகப்பில் இருந்த சின்னஞ்சிறு விசைகளைத் தட்டித்தான் கலங்களை ஓட்ட வேண்டும். அந்த விசைகள் விளையாட்டுக்காக வைக்கப்பட்டவை அல்ல. கொஞ்ச நேரத்திலேயே முழங்கை வலித்தது. மேலும், திரை ஒரு பக்கமாக இருந்ததால் இருவரில் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை. ஆலன் கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் மாதிரி ரயில் கழகத்தில் கிடைத்த உதிரிப் பாகங்களைக் கொண்டு தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தார்கள். சுடுவதற்கான பொத்தானைச் சத்தம் வராதபடி அமைத்தார்கள். எதிரி சுட முயல்கிறான் என்பது காதில் விழுந்துவிட்டால் ஆட்டத்தில் நியாயம் இருக்காது அல்லவா? வலிக்கும் முழங்கையும் நியாயம் பற்றிய கவலையும் சேர்ந்து ஒரு கருவியைச் செய்திருக்கின்றன என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. அதைச் செய்தவர்களே அதைக்கொண்டு விளையாடியவர்களும்கூட.

எங்கள் மனம் அதிகம் நின்றது மூன்றாமவரிடம். ரால்ஃப் பேயர் 1922இல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938இல் குடும்பம் நியூயார்க்குக்குத் தப்பிவந்தது. அஞ்சல்வழிப் பாடத்தில் வானொலிப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டவர் அவர். 1966இல் நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் என்ற, ராணுவத்துக்கான மின்னணுக் கருவிகளைச் செய்யும் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், நியூயார்க்கில் ஒரு பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. அமெரிக்க வீடுகளில் கோடிக்கணக்கில் தொலைக்காட்சிப் பெட்டிகள் இருக்கின்றன. பார்ப்பதைத் தவிர அவற்றை வைத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்ய முடியாதா? செப்டம்பர் 1ஆம் தேதி அந்த யோசனையை நான்கு பக்கங்களில் எழுதிவைத்தார். நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு அவருக்கு 2,500 டாலர் ஒதுக்கியது.

பேயரும், பில் ஹாரிசன், பில் ரஷ் ஆகிய இருவரும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏழு முன்மாதிரிகளைச் செய்தார்கள். கை எதுவென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தெரியாமையின் செழுமைதான் எங்களை வியக்கவைக்கிறது. தண்ணீர் இறைக்கும் ஆட்டத்துக்காக, அடிபம்பை அடிப்பதுபோல் மேலும் கீழும் அசைக்கும் ஒரு கைப்பிடி இருந்தது. கடையில் வாங்கிய பொம்மைத் துப்பாக்கிக்குள் ஒளியை உணரும் கருவியைப் பொருத்தி, திரையில் தோன்றும் புள்ளியைச் சுடவைத்தார்கள். ஒரு குச்சியின் உச்சியில் நிஜமான கோல்ஃப் பந்தைப் பொருத்தி, அதைத் தரையில் வைத்து நிஜ மட்டையால் தட்டச் செய்தார்கள். 1967இல் மூன்றாவது புள்ளியாகப் பந்து ஒன்று திரையில் வந்துசேர்ந்த பின், எல்லாம் குமிழ்களுக்கு வந்து நின்றது. ஒன்று மேலும் கீழும், ஒன்று இடமும் வலமும். மூன்றாவதன் பெயர் 'இங்கிலீஷ்'. பில்லியர்ட்ஸில் பந்துக்குச் சுழற்சி கொடுத்து விடுவதை அமெரிக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அடித்துவிட்ட பந்தையும் நடுவழியில் வளைக்க அந்தக் குமிழ் உதவியது. ஏழாவது முன்மாதிரிக்கு மரத்தின் ரேகைகள் அச்சிட்ட ஒட்டுத்தாளைச் சுற்றினார்கள். 'பிரவுன் பாக்ஸ்' என்ற பெயர் அதனால் வந்ததே. 1972இல் அதுவே மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் 'ஒடிசி'யாகக் கடைகளுக்கு வந்தது. ஒலி கிடையாது, புள்ளிக்கணக்கு கிடையாது. திரையின் மேல் வண்ண பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு, பகடை உருட்டி, மீதியை ஆட்டக்காரர்களே கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

இவற்றையெல்லாம் நாங்கள் தேடிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். சிற்றிதழ் நடத்தியவர், நாங்கள் அவரைப் பெரியவர் என்றுதான் அழைப்போம். பக்கவாதம் வந்து அவருடைய வலதுகை விழுந்துவிட்டது. எழுபது வயதுவரை மெய்ப்புத் திருத்திய கை. இயன்முறைச் சிகிச்சைக்காக ரப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போயிருந்த நாட்களில், பேரன் தன்னுடைய வீடியோ கேம் கைப்பிடியைக் கொண்டுவந்து, "தாத்தா, இதைப் பிடிச்சு ஆடினீங்கன்னா விரல் தானா வரும்" என்று மடியில் வைத்தான். அன்று நாங்கள் இருவர் அங்கே இருந்தோம். பெரியவர் அதை இடதுகையால் புரட்டிப் பார்த்தார். இரண்டு குச்சிகள், ஒரு சிலுவை, முகப்பில் நான்கு பொத்தான்கள், தோளில் நான்கு. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு கையும் நல்லா இருக்கறவனுக்குன்னு முடிவு பண்ணிட்டுல்ல செஞ்சிருக்கான்." அதில் கோபம் இல்லை. ஒரு கட்டுரையின் வாதத்தில் இருக்கும் ஓட்டையைச் சுட்டும்போது வருகிற அதே குரல். ஆனால் அவருடைய கட்டிலருகே ஒரு பழைய வானொலி இருந்தது. அதன் அலைவரிசைக் குமிழை விழுந்துபோன வலதுகையின் விளிம்பால் தள்ளித் தள்ளித் திருகி, தினமும் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். ஹிகின்பாதத்தின் பெட்டியை அவர் ஒரு கையாலேயே ஆடியிருப்பார். பெரியவர் இப்போது இல்லை. அந்த வாக்கியம் எங்களோடு தங்கிவிட்டது.

அந்த முடிவை யார், எப்போது செய்தார்கள்? ஒரே நாளில் யாரும் செய்யவில்லை. 1976இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் 'சேனல் எஃப்' வந்தது. ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளரின் தலைமையில் உருவானது. அதன் கைப்பிடிக்கு அடித்தளமே கிடையாது. ஒரு கையால் தண்டைப் பற்றிக்கொண்டு, மறுகையால் உச்சியில் உள்ள முக்கோண மூடியை எட்டுத் திசையிலும் சாய்க்கலாம், திருகலாம், மேலே இழுக்கலாம், கீழே அழுத்தலாம். வளம் மிகுந்த கருவிதான். ஆனால் அங்கேயே இரண்டு கைகள் தேவையாகிவிட்டன. 1977இல் அடாரியின் ஒற்றைப் பொத்தான் ஜாய்ஸ்டிக் வந்தது. ஒரு கை பெட்டியைப் பிடிக்க, மறு கை குச்சியை அசைக்க. 1982இல் நின்டெண்டோவின் குன்பெய் யோகோய், கையடக்க 'டாங்கி காங்' ஆட்டத்துக்காகச் சிலுவை வடிவப் பொத்தானை அமைத்தார். மசயுகி உயெமுராவின் குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட 'ஃபேமிகாம்' அதை எடுத்துக்கொண்டது. இடது கட்டைவிரலுக்குத் திசை, வலது கட்டைவிரலுக்குச் செயல். அதன் பிறகு வந்த கைப்பிடிகள் பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்கு எழுதப்பட்ட உரைகளே.

பழையவை எல்லாம் பொன், புதியவை எல்லாம் பித்தளை என்று சொல்ல வரவில்லை. குமிழால் ஒரு கோட்டில்தான் நகர முடியும். கட்டைவிரல்களுக்கு வேலை வந்த பிறகுதான் ஆட்டங்களில் பாய்ச்சலும் நுணுக்கமும் வந்தன. இன்றைய ஆட்டங்களை ஒரு குமிழில் அடக்கிவிடவும் முடியாது. ஒரு வடிவம் உறுதிப்படும்போது அதில் தேர்ச்சி சாத்தியமாகிறது. வெண்பாவின் கட்டுக்கோப்பு இல்லாமல் வெண்பாவில் வல்லவர் யாரும் உருவாகியிருக்க முடியாது. ஆனால் வடிவம் உறுதிப்படும் அதே கணத்தில் யாரோ சிலர் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர்கள் கதவு சாத்தப்பட்ட ஓசையைக் கேட்பதில்லை. பெரியவரின் பேரனும் கேட்கவில்லை; அன்புடன்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

கதவு சற்றுத் திறந்த வரலாறும் உண்டு. அமெரிக்காவில், போரில் கைகால் இழந்து திரும்பியவர்களுக்காகத் தன்னார்வலர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கைப்பிடிகளை மாற்றிச் செய்துகொடுத்து வந்தார்கள். அத்தகைய முயற்சிகளோடும் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளோடும் சேர்ந்து, 2018இல் மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்' என்ற கருவியை வெளியிட்டது. தட்டையான ஒரு பலகை. மேலே உள்ளங்கை அகலத்தில் இரண்டு பெரிய பொத்தான்கள். பின்புறம் பத்தொன்பது துளைகள். காலால் மிதிக்கும் விசையோ, தலையால் தட்டும் விசையோ, எது இயலுமோ அதைச் செருகிக்கொள்ளலாம். 2023இல் சோனியும் தன் பங்குக்கு ஒன்றை வெளியிட்டது. அதன் படத்தை முதலில் பார்த்தபோது எங்களுக்குப் பேயரின் மேசைதான் நினைவுக்கு வந்தது. பம்புக் கைப்பிடி, துப்பாக்கி, குச்சிமேல் பந்து என்று வகைவகையாகச் செருகிப் பார்த்த அதே மேசை. ஒரு முன்மாதிரியின் தயக்கத்தையே முடிந்த பொருளாக்கிக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கை எதுவென்று தெரியாது, நீங்களே கொண்டுவாருங்கள் என்கிறது அந்தப் பலகை.

பேயரின் முன்மாதிரிகள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2006இல் அவர் அவற்றைக் கொடுத்தார், 2014இல் காலமானார். அவை அவ்வளவு காலம் அழியாமல் இருந்ததற்கு இலட்சிய நோக்கம் மட்டும் காரணமில்லை. காப்புரிமை வழக்குகள் 1974 முதல் ஆண்டுக்கணக்கில் நடந்தன. தேதியிட்ட குறிப்பேடுகளும் பழைய பெட்டிகளும் நீதிமன்றத்துக்குச் சாட்சியமாகத் தேவைப்பட்டன. எவரும் உரிமை கோராத ஹிகின்பாதத்தின் பெட்டியோ பிரிக்கப்பட்டுப் போயிற்று. பகைமை ஒன்றைக் காப்பாற்றியது. பெருந்தன்மை மற்றொன்றைத் தொலைத்தது. இதில் நீதி எதுவும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே, வழக்கு வரும்வரை காத்திராமல், முன்வரைவுகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றே நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அடித்த வரிகளையும் வேண்டாமென்று விட்ட பக்கங்களையும் கிழித்துப் போடாதீர்கள். முடிந்த பிரதி யாருக்காக எழுதப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். வேறு யாருக்கெல்லாம் அது எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதை, கைவிடப்பட்ட அந்தக் குமிழ்கள்தான் நினைவில் வைத்திருக்கின்றன.