அளந்து ஊற்றிய கை

வகுப்பில் சங்கப் பாடல் நடத்தும்போது 'தேறல்' என்னும் சொல் வந்தால், 'தெளிந்த கள்' என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். கள் குறைவாக இருந்தால் அதைத் தமக்கே தந்துவிடுவான் என்று அதியமானை நினைத்து ஔவையார் அழும் புறநானூற்றுப் பாடலையும் கொடைக்குச் சான்றாகவே இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறோம். குடியால் குலைந்த வீடுகளிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் முன் அதற்குமேல் பேச நா எழுவதில்லை.

முதுகலைத் தமிழ் ஒன்றாகப் படித்த நாங்கள் மூவர் சென்ற டிசம்பரில் கோவா சென்றிருந்தோம். பணஜியில் தங்கிய வீட்டில் ஒரு மாலை, 'ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்' என்ற ஜின் புட்டி மேசைக்கு வந்தது. 2018-இல் வெளிவந்த கோவா ஜின் அது. எங்களில் ஒருவர் குடிப்பதில்லை. அண்ணனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அவர் எதிரில் திறக்கத் தயங்கினோம். அவரே திறந்தார். "குடிக்கத்தான் மாட்டேன். முகர்ந்து பார்த்தால் என்ன?"

குவளையில் ஒரு விரற்கடை ஊற்றி, சில துளி நீர் விட்டார். 42.8 விழுக்காடு ஆல்கஹாலை அப்படியே முகர்ந்தால் மூக்கில் எரிவுதான் மிஞ்சும். நீர் பட்டால் எரிவு அடங்கி மணம் எழும். மளிகைக்கடையில் வளர்ந்த மூக்கு அவருடையது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மிளகு. தனியா. ஜாதிபத்திரி. பட்டை. அடியில் அதிமதுரம்." தயாரிப்பாளர் அறிவித்துள்ள பட்டியலைக் கைப்பேசியில் பார்த்தோம், அத்தனையும் இருந்தன. "இந்தப் பிசின் வாசனை மட்டும் நம் கடைச் சரக்கில்லை" என்றார். அது ஜூனிப்பர் காய். அது இல்லையேல் ஜின்னே இல்லை. மணமற்ற சாராயத்தை இவற்றோடு வாலையிலிட்டு மீண்டும் வடிக்கிறார்கள் என்றதும், "அப்படியென்றால் நம் ஓமத்தீநீருக்கு ஒன்றுவிட்ட தம்பி" என்று சிரித்தார்.

நாங்கள் இருவரும் சுவைத்தோம். நுனிநாவில் நாரத்தைத் தோலின் வாசம், நடுநாவில் மிளகின் காரம், விழுங்கிய பின் தொண்டையில் அதிமதுரத்தின் மெல்லிய இனிப்பு.

பரிமாறும் பொறுப்பையும் அவரே ஏற்றார். உயரமான குவளை நிறையப் பனிக்கட்டி, மருந்துக் குப்பியின் மூடியால் அளந்து 45 மில்லி, அதைப்போல் மும்மடங்கு டானிக் நீர். அதிலுள்ள குயினைனின் கசப்பு காரத்துக்கு ஈடு கொடுத்தது. எலுமிச்சையின் புளிப்பு மசாலா மணத்தை மறைக்கும் என்று ஓர் ஆரஞ்சுத் துண்டும், தட்டிய மிளகு இரண்டும் போட்டார். தமக்கு ஜின் இல்லாமல் அதையே கலந்துகொண்டார்.

இரண்டாம் முறையும் அதே அளவு. மூன்றாம் முறை குவளையை நீட்டியபோது மூடியை இறுகத் திருகினார்.

"அண்ணன் ஒருநாளும் முகர்ந்து பார்த்துக் குடித்ததில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு" என்றார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

இந்தப் பருவத்திலும் அதியமான் பாடல் வரும். பொருளோடு நிறுத்தாமல், ஊற்றிக் கொடுத்த கையைப் பற்றியும் பேச வேண்டும் என்றிருக்கிறோம். எப்படித் தொடங்குவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.