ரம்புக்கனை மழையும் கொழும்பு வெள்ளமும்

கண்டிப் புகையிரதம் மலையேறத் தொடங்கும் இடம் ரம்புக்கனை. நீராவிக் காலத்தில் கடுகண்ணாவை ஏற்றத்துக்காக இங்கேதான் இன்னோர் இயந்திரத்தைப் பூட்டுவார்கள். சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். பக்கத்தில் மா ஓயா. பின்னவலை யானைகள் குளிப்பதும் இந்த ஆற்றில்தான்.

மழை இவ்வூருக்குப் புதிதல்ல. மலையில் விழும் நீர் ஓடைக்கு வரும். ஓடை வயலில் பரவும். வயல் மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடும்.

இங்கிருந்து கொழும்புக்குப் போகும் சகோதரிகள் ஜன்னலோரம் கொஞ்சம் கவனியுங்கள். பொல்கஹவலை, அலவ்வை, மீரிகமை வரை வயல்கள் கூடவே வரும். கம்பஹாவைத் தாண்டினால் வயல் குறைந்து மதில்கள் பெருகும். களனிப் பாலத்தைக் கடந்தால் நகரம்.

மா ஓயா கொச்சிக்கடைப் பக்கம் கடலில் சேர்ந்துவிடும். ஆனால் இதே கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை மழை களனி கங்கையாகிக் கொழும்புக்கே வருகிறது. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்கள் புதையுண்டன. அதே நாட்களில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போதும் மலையில் மண்சரிவு, கீழே களனி வெள்ளம்.

அப்படியானால் குற்றம் மலை மழையுடையதா? அது பாதி உண்மைதான். 1992 ஜூன் 4இல் கொழும்பு நகரிலேயே ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டி ஊர் மிதந்தது. 2010 நவம்பரில் தியவன்னாக் கரையிலுள்ள பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.

நகரத்து மழை தங்கி நிற்பதற்கென்று சதுப்பு நிலங்கள் இருந்தன. கடலுக்கும் களனிக்கும் கொண்டுபோக ஒல்லாந்தர் காலம் முதலே கால்வாய்கள் இருந்தன. நகரம் வளர வளரச் சதுப்பில் மண் கொட்டி வீடு கட்டினோம். கால்வாய் ஓரங்கள் குடியிருப்பாயின. முற்றத்துக்கும் சீமெந்து பூசினோம். கான்களை ஷொப்பிங் பேக்குகள் அடைத்தன. களனி பெருகும்போது ஆற்று நீர் உள்ளே வராதபடி மதகை மூடவேண்டும். அப்போது நகரத்து நீரும் வெளியேற வழியின்றி நிற்கும். தங்க இடமில்லாத நீர் நம் வீட்டில் தங்குகிறது.

2018இல் கொழும்புக்கு ‘ராம்சார் ஈரநில நகரம்’ என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. மிஞ்சிய சதுப்பையாவது காப்பாற்றினால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம்.

இது அரசாங்கத்து விஷயம் மட்டுமல்ல. குமர்ப் பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டுமென்று, இருந்த நகையையும் விற்று, விலை குறைந்த காணி தேடுகிறோம். உறுதி சரியா, பள்ளிவாசல் கிட்டவா, பாடசாலை கிட்டவா என்று விசாரிக்கிறோம். மண் போடுமுன் இந்தக் காணி என்னவாக இருந்தது என்று மட்டும் கேட்பதில்லை. அயலில் உள்ள வயதான ஒரு தாயிடம் கேளுங்கள். எந்த வருஷம் எந்தப் படிவரை தண்ணீர் வந்தது என்று சொல்லிவிடுவார். வயல் நிரப்பிய காணியானால் கமநலத் திணைக்களத்தின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மலைப் பக்கம் வீடு கட்டுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஆலோசனை பெறட்டும்.

மகளுக்குக் கொடுக்கும் வீடு, ஒவ்வொரு மாரியிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியேறவேண்டிய வீடாக இருக்கக்கூடாதல்லவா?