கறுப்பு வைரச் சரிவில் முதல் இறக்கம்



அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்றொரு மலையூர் உண்டு. நம் தோட்டங்கள் பால்மரத்தை நம்பி எழுந்ததுபோல், 19ஆம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்கத்தை நம்பி எழுந்த உழைப்பாளர் ஊர் அது. சுரங்கத் தொழில் நலிந்தபோது, 1963இல் சுரங்க நிறுவனமே அங்குப் பனிச்சறுக்குத் தலம் ஒன்றைத் திறந்தது. மண்ணுக்கடியில் பிழைத்த ஊர், மலைமேல் விழும் பனியால் பிழைக்கத் தொடங்கியது. 1981இல் அருகிலேயே டியர் வேலி என்னும் தலமும் உருவாயிற்று.

காலில் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கி இறங்குவதே இவ்விளையாட்டு. பச்சை வட்டம் எளிய பாதை. நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்பு வைரம் கடினம். இக்குறிகள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டு இடப்பட்டவை. ஒரு மலையின் கறுப்பு, வேறொரு மலையின் நீலம்போல் இருக்கலாம்.

நீலத்தில் தேறியவர் கறுப்பைக் கண்டதும் நெஞ்சு படபடப்பார். ஆனால் கறுப்பெல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் செங்குத்துடன் பனிமேடுகளும் நெருங்கிய மரங்களும் சேர்ந்திருக்கும். அவசரப்பட்டு அங்கே இறங்கினால் முழங்கால் போய்விடும். பெருக்கல் தேறிய பிள்ளைக்கு முதலில் மீதியில்லாத வகுத்தலைத்தானே கொடுக்கிறோம்? கஷ்டம் ஒவ்வொன்றாக வரவேண்டும்.

அதற்கு ஏற்றது டியர் வேலியின் பால்டு மலையிலுள்ள ஸ்டைன்ஸ் வே. 1952 ஒஸ்லோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நார்வே வீரர் ஸ்டைன் எரிக்சனின் பெயர் கொண்டது. கறுப்புக் குறி இருந்தாலும் பாதை அகலமானது. இயந்திரம் பனியைச் சமன் செய்த நாளில் செங்குத்து ஒன்றுதான் சோதனை. எந்தப் பாதைகள் சமன் செய்யப்பட்டன என்பதைத் தலத்தார் நாள்தோறும் அறிவிப்பார்கள். அதைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

மழை ஓய்ந்த மறுநாள் பால் வாளியோடு மேட்டிலிருந்து இறங்குபவர் உடலைப் பின்னுக்குச் சாய்ப்பார். சறுக்குபவர் அப்படிச் செய்தால் பலகை அவர் சொல் கேளாது. பயந்தாலும் உடலைப் பள்ளத்தை நோக்கி முன்னே கொடுக்க வேண்டும். நேரே பாயாமல், குறுக்கே வளைந்து வளைந்து வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும்.

கால் தளர்ந்தால் நீலப் பாதைக்குத் திரும்புவதில் வெட்கமில்லை. கறுப்புச் சரிவு நாளையும் அங்கேதான் இருக்கும்.